மூன்று நொடி இருட்டுக்கு ஊரைக் கூட்டலாமா? – சிறுகோள் மறைப்பும் பள்ளி வானியல் மன்றமும்

#1 கணக்கு டீச்சர்

வணக்கம். திருப்பூர் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். மூன்று வருடமாக ஒரு வானியல் மன்றத்தையும் இழுத்துக்கொண்டு வருகிறேன். எங்கள் சொத்து: 6 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி ஒன்று, பைனாகுலர் இரண்டு, ஒன்பதாம் வகுப்பில் தூக்கத்துக்கு அஞ்சாத பிள்ளைகள் பதினான்கு பேர்.

போன மாதம் ஒரு கூத்து நடந்தது. ஒரு சிறுகோள் ஒரு விண்மீனை மூன்று நொடி மறைக்கப்போகிறது, அதன் நிழல் நம் ஊர் மேலேயே ஓடுகிறது என்று ஒரு நண்பர் சொன்னார். உற்சாகத்தில் பெற்றோர், அக்கம்பக்கம் என்று எண்பது பேரைக் கூப்பிட்டுவிட்டேன். தொலைநோக்கியில் ஒரு நேரத்தில் ஒரு கண்தான் வைக்க முடியும் என்பதுகூட அப்போது உறைக்கவில்லை. முறை வந்த பையன் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். நேரம் வந்தது, போனது. "மிஸ், ஒண்ணும் ஆகலை" என்றான். எண்பது பேரும் சுண்டலைத் தின்றுவிட்டுக் கலைந்தார்கள். ஒரு பெரியவர் மட்டும் போகிற போக்கில், "நட்சத்திரம் மறையாததைப் பார்க்கவா எங்களைக் கூப்பிட்டீங்க?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி இன்னும் உறுத்துகிறது. இது பள்ளிப் பிள்ளைகளுக்குச் சரிப்படுகிற வேலைதானா, இல்லை பெரிய ஆய்வகங்களுக்கு விட்டுவிட வேண்டியதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

#2 மொட்டைமாடி

சரிப்படாது டீச்சர். அவிநாசியில் பன்னிரண்டு வருடமாக மாடியில் தொலைநோக்கி வைத்து ஊருக்குக் காட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். சனியின் வளையத்தைக் காட்டினால் எழுபது வயதுப் பாட்டிகூட "இது நெசமாவே அங்க இருக்குதா?" என்று கேட்பார். நிலாப் பள்ளங்களைப் பார்த்த சிறுவன் அடுத்த வாரம் தம்பியையும் கூட்டி வருவான்.

மறைப்பில் என்ன இருக்கிறது? மங்கலாக ஒரு புள்ளி. அது அணைந்தால் அணைந்தது, அணையாவிட்டால் இல்லை. மேகம் வந்தால் அதுவும் போச்சு. பெரும்பாலும் ராத்திரி இரண்டு மணி, மூன்று மணி. ஆர்வத்தைத் தூண்ட நினைத்து அணைத்துவிடாதீர்கள்.

#3 நிழல்துரத்தி

மொட்டைமாடி அண்ணன் சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஊரைக் கூப்பிட்டது தப்பு. ஆனால் டீச்சர், அந்தப் பையன் "ஒண்ணும் ஆகலை" என்றானே, அதை எழுதி வைத்தீர்களா? எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை கண்ணை எடுக்காமல் பார்த்தான், எந்த இடம், எந்தத் தொலைநோக்கி? எழுதியிருந்தால் அது ஓர் அளவீடு. எழுதாததால்தான் அது வெறும் சுண்டல் விழாவாகப் போனது.

அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன், புதிதாக வருபவர்களுக்கும் உதவும். விண்மீன் வெகு தொலைவில் இருப்பதால் அதன் ஒளி இணைகோடுகளாக வருகிறது. நடுவில் ஒரு சிறுகோள் குறுக்கிட்டால் பூமியில் விழும் நிழல் ஏறத்தாழ அந்தக் கல்லின் அளவேதான் இருக்கும். 60 கிலோமீட்டர் கல்லுக்கு 60 கிலோமீட்டர் அகல நிழல். அந்த நிழல் தரைமேல் நொடிக்குப் பல கிலோமீட்டர் ஓடுகிறது. அதற்குள் நிற்பவருக்கு விண்மீன் சில நொடி காணாமல் போகும். எத்தனை நொடி என்று தெரிந்தால், அவர் இருக்கும் இடத்தில் அந்தக் கல் எவ்வளவு நீளம் என்று தெரியும். வட்டத்தில் நாண் வரைவோமே, அதேதான். வடக்கே பத்து கிலோமீட்டர் தள்ளி இன்னொருவர் இருந்தால் இன்னொரு நாண். இப்படி ஏழெட்டு நாண் சேர்ந்தால் கல்லின் உருவம் கிடைத்துவிடும்.

வகுப்பில் செய்து காட்ட உருளைக்கிழங்கு போதும். கோணல்மாணலாக ஒன்றை எடுத்து வரிசையாக வில்லை போடுங்கள். வில்லைகளின் நீளத்தை மட்டும் பிள்ளைகளிடம் கொடுங்கள், கிழங்கைக் காட்டாதீர்கள். வரைபடத் தாளில் அவர்களே அதன் உருவத்தை வரையட்டும். அப்புறம் கேளுங்கள்: "கிழங்கு எங்கே முடிகிறது என்று எப்படித் தெரியும்?" கடைசி வில்லைக்கு அப்பால் கத்தி வெறும் காற்றில் இறங்கினால்தான் தெரியும். உங்கள் பையன் அந்தக் காற்றில் இறங்கிய கத்தி. அவன் இல்லாவிட்டால் கல் எவ்வளவு தூரம் நீள்கிறது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது.

#4 கணக்கு டீச்சர்

உருளைக்கிழங்கு எனக்கே புரிந்துவிட்டது, பிள்ளைகளுக்குப் புரியாமலா போகும். ஒன்று மட்டும் தெளிவாக்குங்கள். நொடியைக் கிலோமீட்டராக்க நிழலின் வேகம் வேண்டுமே, அது எங்கிருந்து கிடைக்கிறது?

#5 பொறியாளன்78

கணிப்பிலேயே கொடுத்துவிடுவார்கள். ஆனால் பிள்ளைகளே ஓரளவு கணக்கிடலாம், அதுதான் அழகு. பூமி சூரியனைச் சுற்றும் வேகம் நொடிக்கு சுமார் 30 கி.மீ. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள பட்டையில் ஓடும் ஒரு சிறுகோளுக்கு சுமார் 18. சூரியனுக்கு நேர் எதிர்ப்புறத்தில் அது இருக்கும் காலத்தில் பூமி அதை முந்திக்கொண்டு போகிறது. இரண்டும் ஒரே திசை, ஆகவே வித்தியாசம் 12. நெடுஞ்சாலையில் லாரியைப் பேருந்து முந்துகிற கணக்குதான். 60 கி.மீ. கல் என்றால் நட்டநடுவில் இருப்பவருக்கு 5 நொடி. மற்ற காலங்களில் இந்த வேகம் மாறும், அதற்கேற்ப நொடியும் மாறும்.

கண்ணால் பார்த்து நேரம் குறிப்பவர்கள் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். விண்மீன் மறைந்ததும் உடனே பொத்தானை அமுக்கிவிட்டோம் என்று நினைப்போம். உண்மையில் கால் நொடி அளவுக்குத் தாமதமாகும். ஒருவன் 30 செ.மீ. ஸ்கேலைத் தொங்கவிட்டுத் திடீரென்று விடட்டும், இன்னொருவன் இரண்டு விரலால் பிடிக்கட்டும். 20 செ.மீ. நழுவியிருந்தால் தாமதம் 0.2 நொடி. நிழல் 12 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது என்றால், அந்த விரல் தடுமாற்றமே 2.4 கி.மீ. ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் எண் தெரிந்திருக்க வேண்டும். இயற்பியல் பாடத்தில் பிழை என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

முடிந்தால் பொத்தானே வேண்டாம். கைப்பேசியில் ஒலிப்பதிவை ஓட விடுங்கள். நேரம் சொல்ல ஓர் ஆள், பார்க்க ஓர் ஆள். பார்ப்பவர் "போச்சு", "வந்திருச்சு" என்று கத்தினால் போதும். பிறகு கணினியில் போட்டு அளந்துகொள்ளலாம். கைப்பேசிக் கடிகாரத்தை அப்படியே நம்பாதீர்கள். ஒன்றுக்கொன்று நொடிக்கணக்கில்கூட முரண்டு பிடிக்கும். ஜிபிஎஸ் நேரம் காட்டும் செயலி ஒன்றை வைத்துச் சரிபாருங்கள். வீடியோ கேமராவும் படத்தின் மேல் ஜிபிஎஸ் நேரத்தைப் பொறிக்கும் சின்னக் கருவியும் இருந்தால் நூற்றில் ஒரு பங்கு நொடிவரை போகலாம், ஆனால் அது அடுத்த படி.

#6 ரொறன்ரோ பெடியன்

இந்தக் கதை எனக்கு நல்லாத் தெரியும். 2014 மார்ச் 20 அதிகாலையில் எரிகோனி என்ற சிறுகோள் மகம் நட்சத்திரத்தையே மறைக்க இருந்தது. வெறும் கண்ணுக்குத் தெரிகிற நட்சத்திரம். நிழல் நியூயோர்க் நகரத்தைக் கடந்து ஒன்ராறியோவுக்குள் வருகிறது என்று சொன்னார்கள். எந்தக் கருவியும் வேண்டாம், வாசலில் நின்று பார்த்தால் போதும் என்று மாதக்கணக்காக விளம்பரம். அம்மாவுக்கும் மகம்தான் நட்சத்திரம், அதனால் அவவும் வரவேண்டும் என்று நின்றா. பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு இரவு கிழக்குப் பக்கம் வெளிக்கிட்டோம். மார்ச் என்றாலும் எலும்புக்குள் இறங்குகிற குளிர்.

வானம் முழுக்க முகில். பாதை நெடுக அப்படித்தானாம், நியூயோர்க் பக்கமும் தப்பவில்லை. அம்மா காருக்குள் இருந்தபடி, "என்ரை நட்சத்திரத்தை ஆரும் மறைக்க ஏலாது" என்றா. அது ஒன்றுதான் அன்றைய பலன்.

ஆனபடியால் மொட்டைமாடி அண்ணை சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சனத்தைக் கூப்பிடுவதென்றால் முகில் வந்தாலும் சொல்வதற்கு ஏதாவது கையில் இருக்க வேண்டும்.

#7 நிழல்துரத்தி

எரிகோனி வரலாற்றிலேயே பெரிய ஏமாற்றங்களில் ஒன்று தம்பி. அதற்கு ஈடாக ஒன்று பின்னால் நடந்தது. 2023 டிசம்பர் 12 அன்று லியோனா என்ற சிறுகோள் திருவாதிரையை மறைத்தது. ஆம், மார்கழியில் களி கிண்டிப் படைப்போமே, அதே சிவப்பு நட்சத்திரம். நிழல் மத்திய ஆசியாவில் தொடங்கி, துருக்கி, கிரீஸ், இத்தாலி, ஸ்பெயின் வழியாக அட்லாண்டிக்கைத் தாண்டி ஃபுளோரிடா, மெக்சிகோவரை போனது.

இதில் ஒரு நுணுக்கம். மற்ற விண்மீன்கள் வெறும் புள்ளி, அதனால் விளக்கை அணைத்த மாதிரி பட்டென்று போகும். திருவாதிரை ராட்சத விண்மீன், அதற்குத் தட்டு உண்டு, அதாவது வெறும் புள்ளியாக இல்லாமல் சிறு வட்டமாக ஓர் அகலம் உண்டு. லியோனாவின் தட்டும் கிட்டத்தட்ட அதே அளவு. ஆகவே விளக்கு அணையவில்லை, திரி இறங்கியது. மங்கிப் பிறகு தெளிந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் வேறொரு மங்கலான விண்மீனை லியோனா மறைத்தபோது ஸ்பெயின் பக்கம் ஆர்வலர்கள் அளந்து வைத்திருந்ததால்தான் கல்லின் அளவு, சுமார் 80க்கு 55 கி.மீ., முன்கூட்டியே தெரிந்திருந்தது. பொதுமக்கள் பார்த்த டிசம்பர் நிகழ்ச்சிக்கு, யாரும் திரும்பிப் பார்க்காத அந்தச் செப்டம்பர் இரவு முதலீடு.

#8 மொட்டைமாடி

அதைத்தான் நானும் சொல்கிறேன். திருவாதிரை மாதிரி ஒன்று ஆயுளுக்கு ஒரு தடவை, அதுவும் நம் ஊர் மேல் போகவில்லை. மற்றதெல்லாம் மங்கல் புள்ளி. அதைத் துரத்த அமெரிக்காவில் காசு இருக்கிறது. நம் பள்ளியில் சாக்பீஸுக்கே பட்ஜெட் பார்க்கிறோம்.

#9 நிழல்துரத்தி

அமெரிக்கா என்றதும் நீங்கள் நினைப்பது ஹவாய் மலையுச்சி. நான் சொல்லப்போவது வேறு. ரீகான் என்று ஒரு வலையமைப்பு. மார்க் பூயி, ஜான் கெல்லர் என்ற இரண்டு வானியலாளர்கள் தொடங்கியது. 2013இல் கலிஃபோர்னியாவின் வடக்கிலும் நெவாடாவின் மேற்கிலும் பதினான்கு ஊர்களில் வெள்ளோட்டம் பார்த்தார்கள். பிறகு கனடா எல்லையிலிருந்து மெக்சிகோ எல்லைவரை, ஐம்பதுக்கும் மேற்பட்ட ஊர்களாக விரிந்தது. ஊர் என்றால் துலேலேக், டோனோபா மாதிரி, வரைபடத்தில் விரலை வைத்துத் தேட வேண்டிய ஊர்கள். பழங்குடிப் பள்ளிகளும் உண்டு. ஒவ்வோர் ஊருக்கும் ஒரே மாதிரியான 11 அங்குலத் தொலைநோக்கி, ஒரே மாதிரி வீடியோ கேமரா, நேரம் பொறிக்கும் கருவி. இயக்குபவர்கள் பள்ளி ஆசிரியர்கள், மாணவர்கள், ஊரில் ஆர்வம் உள்ளவர்கள்.

ஏன் இப்படி? அவர்கள் குறி நெப்டியூனுக்கு அப்பால் இருக்கும் பனிக்கற்கள். அவற்றின் பாதை சரியாகத் தெரியாது. நிழல் எங்கே விழும் என்பதில் ஆயிரம் கிலோமீட்டர்கூடத் தப்பலாம். அப்போது ஒரு பெரிய தொலைநோக்கியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆனால் வடக்கு தெற்காக 2000 கி.மீ.க்கு வேலி போட்டு வைத்தால், நிழல் எங்கே தாண்டினாலும் ஏதோ ஒரு கம்பியில் சிக்கும். அதாவது மீன் வரும் இடம் தெரியாதவன் தூண்டிலைப் போடுவதில்லை, வலையை விரிக்கிறான். அந்த வலையில் முக்கால்வாசிக் கண்ணிகள் ஒவ்வொரு முறையும் வெறுமையாகத்தான் வரும் என்பது தெரிந்தேதான் அந்தப் பிள்ளைகள் நிற்கிறார்கள். எனக்குப் பிடித்தது இதுதான். நாம் செய்முறைத் தேர்வில் விடை தெரிந்த சோதனையை மட்டும் செய்யச் சொல்லி, வராவிட்டால் பக்கத்து மேசையைப் பார்த்து எழுத விடுகிறோம்.

இன்னொன்று, 2017இல் அர்ஜென்டினாவில் நடந்தது. புளூட்டோவைத் தாண்டிப் போன நியூ ஹொரைசன்ஸ் கலம் அடுத்துப் பார்க்க வேண்டிய கல்லுக்கு இப்போது அரோகோத் என்று பெயர். ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியில் பார்த்தாலும் அது ஒரு புள்ளிதான். அதன் உருவம் தெரிய வேண்டுமானால் நிழலைப் பிடிக்க வேண்டும். ஜூன் மாதம் தென்னாப்பிரிக்காவிலும் அர்ஜென்டினாவிலும் வரிசை கட்டி நின்றார்கள், ஒன்றும் சிக்கவில்லை. ஜூலை 17இல் பாட்டகோனியாவில் கோமோதோரோ ரிவதாவியா என்ற ஊர்ப்பக்கம் மறுபடி நின்றார்கள். காற்று பிய்த்துக்கொண்டு போகிற ஊர். தொலைநோக்கி ஆடாமலிருக்க லாரிகளைக் கொண்டுவந்து தடுப்பாக நிறுத்தினார்கள். வண்டி வெளிச்சம் படாமலிருக்க நெடுஞ்சாலையை இரண்டு மணி நேரம் மூடினார்கள், தெருவிளக்குகளை அணைத்தார்கள். மறைப்பு இரண்டு நொடிக்கும் குறைவு. ஐந்து நாண் கிடைத்தது. இரண்டு உருண்டைகள் ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கலாம் என்று அப்போதே சொன்னார்கள். 2019 புத்தாண்டன்று கலம் போய்ப் படம் எடுத்தபோது அப்படியே இருந்தது.

தெருவிளக்கை அணைக்கச் சொன்னதற்கு ஊர் ஒத்துழைத்ததே, அது சனி வளையம் காட்டி வருவதில்லை அண்ணா. தங்கள் ஊர்தான் வேண்டும், வேறு ஊர் உதவாது என்று தெரிந்ததால் வந்தது.

#10 ஜவ்வாது

நான் ஆலங்காயத்துப் பக்கம். ஓய்வு பெற்றவன், இங்கே அதிகம் எழுதுவதில்லை. எங்கள் மலையைப் பற்றி யாரும் பேசாததால் எழுதுகிறேன்.

எங்கள் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வான் ஆய்வகத்துக்கு 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது 1972இல். வந்த சூட்டோடு அதே ஆண்டு ஜூனில் வியாழனின் துணைக்கோள் கானிமீட் ஒரு விண்மீனை மறைத்ததை இங்கிருந்தும் ஜாவாவிலிருந்தும் அளந்தார்கள். மெல்லிய வளிமண்டலம் இருப்பதாகச் சொன்னார்கள். 1979இல் வாயேஜர் விண்கலம் போய்ப் பார்த்தபோது அந்த அளவுக்கு இல்லை என்று தெரிந்தது. அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

அடுத்தது 1977 மார்ச் 10. யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கும் இரவு. அமெரிக்காவின் கைப்பர் பறக்கும் ஆய்வகம் இந்தியப் பெருங்கடல் மேல் வட்டமிட்டது. காவலூரில் பட்டாச்சார்யா, குப்புசாமி இருவரும் அதே 1 மீட்டர் தொலைநோக்கியில் இருந்தார்கள். யுரேனஸ் வருவதற்கு முன்பே விண்மீன் ஒரு தரம் மங்கி மீண்டது. புதிய துணைக்கோளாக இருக்கும் என்று இவர்கள் எழுதினார்கள். விமானத்தில் இருந்தவர்களுக்கு அரை மணிக்கும் மேலாக முன்னால் பல தரம் மங்கியது, கோளைத் தாண்டியபின் அதே இடைவெளிகளில் மறுபடியும் மங்கியது. இரண்டு பக்கமும் ஒத்துப்போனதால் வளையம் என்று கண்டார்கள். சனியை விட்டால் வேறு கோளுக்கு வளையம் உண்டு என்று உலகம் அறிந்தது அன்றுதான்.

மொட்டைமாடித் தம்பி வளையம் வளையம் என்கிறார். யுரேனஸின் வளையத்தை யாரும் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு புள்ளி மங்கியதை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள், அதில் ஒரு பங்கு நம் மலையிலிருந்து. அதற்கு முன்பே 1961இல் பல்லாஸ் என்ற சிறுகோள் விண்மீனை மறைத்ததை நைனிதாலில் ஒளிமின் கருவியால் பதிந்திருக்கிறார்கள். ஆகவே இது நமக்கு இறக்குமதிச் சரக்கு இல்லை.

டீச்சருக்கு ஒன்று. குறித்த நொடிக்கு மட்டும் கண் வைக்காதீர்கள். முன்னும் பின்னும் சில நிமிடம் விடாமல் பாருங்கள்.

#11 நிழல்துரத்தி

ஐயா சொன்ன கடைசி வரியைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யலாம். 2022 மார்ச்சில் பாலிமீலி என்ற சிறுகோளின் நிழலைப் பிடிக்க இருபத்தாறு குழுக்கள் போனார்கள். லூசி கலம் பார்க்கப்போகும் கற்களில் ஒன்று. அதில் இரண்டு குழுக்களுக்கு மட்டும் கல் இருக்கக்கூடாத இடத்தில் விண்மீன் சிமிட்டியது. பார்த்தால் சுமார் 200 கி.மீ. தள்ளி, 5 கி.மீ. அளவில் அதற்கொரு துணைக்கல். 2013இல் கரிக்லோ என்ற 250 கி.மீ. கல்லுக்கு வளையம் இருப்பது தெரிந்ததும் இதே மாதிரிதான், தென்னமெரிக்காவிலிருந்து பார்த்தபோது.

#12 கணக்கு டீச்சர்

படிக்கப் படிக்கக் கை துறுதுறுக்கிறது. ஆனால் என் தலைவலி வேறு. பதினான்கில் ஒன்பது பெண்பிள்ளைகள். ராத்திரி இரண்டு மணிக்குப் பள்ளி மைதானத்துக்கு வரச் சொன்னால் எந்த வீட்டில் விடுவார்கள்? பாம்பு வேறு. தலைமையாசிரியர் அனுமதிக் கடிதத்தைப் பார்த்தாலே பேனாவை ஒளித்து வைக்கிறார்.

#13 பொறியாளன்78

இந்த இடத்தில்தான் மறைப்பு சனியைத் தோற்கடிக்கிறது. யாரும் ஓரிடத்துக்கு வர வேண்டாம், வரக்கூடாது. ஓரிடத்தில் பதினான்கு பேர் இருந்தாலும் ஒரே நாண்தான். ஆளுக்கொரு ஊரில் இருந்தால் பதினான்கு நாண். அவரவர் மாடியில் அப்பாவோ அம்மாவோ துணைக்கு இருக்க, வாட்ஸ்அப் குழுவில் பேசிக்கொள்ளட்டும்.

நிழல்கள் பெரும்பாலும் கிழக்கு மேற்காகச் சாய்ந்து ஓடும். ஆகவே உங்களுக்கு வேண்டியது வடக்கு தெற்கில் பரவிய சொந்தக்காரர்கள். உடுமலை, பல்லடம், திருப்பூர், அவிநாசி, நம்பியூர், கோபி, சத்தி என்று ஏறிக்கொண்டே போங்கள். வடக்கு தெற்கு அளவில் சுமார் நூறு கிலோமீட்டர் வருகிறது. சித்தி வீடு, மாமா வீடு இல்லாத பிள்ளை உண்டா கொங்கு நாட்டில்?

ஆக்கல்ட்வாட்சர் என்ற இலவச மென்பொருளில் உங்கள் ஊர்களைக் கொடுத்துவிட்டால் பக்கத்தில் ஓடும் நிழல்களைப் பட்டியல் போட்டுத் தரும். இரவு ஏழிலிருந்து பத்துக்குள் வருவதையும், பைனாகுலரில் தெரியும் விண்மீனையும் மட்டும் வடிகட்டுங்கள். மிகச் சிலதான் மிஞ்சும், பரவாயில்லை. வடகிழக்குப் பருவமழை மாதங்களைத் தள்ளிவிடுங்கள். 2016க்குப் பிறகு கையா விண்கலத்தின் விண்மீன் பட்டியல் வந்ததால் கணிப்புகள் முன்னைவிட எவ்வளவோ திருந்திவிட்டன.

#14 மொட்டைமாடி

சொந்தக்காரர் வீட்டு யோசனை நல்ல யோசனை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஊரைக் கூப்பிடக் கூடாது என்பதில் நான் மாறவில்லை. ஊருக்குக் காட்டித்தான் ஆகவேண்டும் என்றால் நிலா விண்மீனை மறைப்பதைக் காட்டுங்கள். பிரகாசமான விண்மீன்களில் நிலாவின் வழியில் வருவது நான்குதான்: ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை. நிலாவில் காற்று இல்லாததால் ஓரத்தில் போய்ப் பட்டென்று அணையும். ஐம்பது பேர் பைனாகுலரை மாற்றி மாற்றிப் பார்க்கலாம், ஜோசியம் பார்ப்பவர்களும் வருவார்கள். கேட்டையை 2028 வரை மாதாமாதம் நிலா மறைக்கிறது. நம் ஊரில் தெரியும் நாளைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

#15 கணக்கு டீச்சர்

இரண்டு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். அரையாண்டுத் தேர்வு, விடைத்தாள் என்று ஓடிவிட்டது.

உருளைக்கிழங்கு வகுப்பு நடந்தது. மூன்று குழு, மூன்று கிழங்கு. ஒரு குழு இஞ்சியைக் கொண்டுவந்து எல்லாரையும் கதறவிட்டது. நாண்களின் நீளத்தைப் பார்த்த மற்றவர்கள் "இது ரெண்டு கல்லு மிஸ்" என்று அடம்பிடித்தார்கள். அரோகோத் கதையை அப்போது சொன்னேன். ஸ்கேல் பிடிப்பதில் வகுப்பிலேயே மெதுவான ஆள் நான். 0.24 நொடி.

அப்புறம் நிஜ நிகழ்ச்சி. பொங்கல் கழிந்து ஒரு சனிக்கிழமை இரவு எட்டேகால். 40 கி.மீ. கல், நிழலின் வேகம் நொடிக்கு 14 கி.மீ., விண்மீனின் ஒளித்தரம் ஏழரை, வெறும் கண்ணுக்கு எட்டாது, பைனாகுலரில் தெரியும். பிள்ளைகள் "ஏழரை நட்சத்திரம்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு வாரம் முன்பே மாடிக்குப் போய் வானத்தில் அந்த இடத்தைக் கண்டுபிடித்துப் பழகினார்கள். இரவல் பைனாகுலர் மூன்று கிடைத்தது. ஐந்து ஊர்.

பல்லடத்தில் மேகம். திருப்பூரில் டாப்சோனியனில் நானே இருந்தேன். பதிவைச் சரிபார்த்தபோதுதான் தெரிந்தது, நான் பார்த்துக்கொண்டிருந்தது பக்கத்து விண்மீன். சிரிக்காதீர்கள். அவிநாசியில் மறையவில்லை, நான்கு நிமிடம் கண்ணெடுக்காமல் பார்த்திருக்கிறான். சத்தியில் தெருநாய்ச் சண்டை, பிள்ளை பாதியில் உள்ளே ஓடிவிட்டாள். கோபியில் பெரியப்பா வீட்டு மாடியிலிருந்து பார்த்த பெண்ணின் ஒலிப்பதிவில் "போச்சு... ஆங்... வந்திருச்சு" என்று இருக்கிறது. அளந்தால் 2.1 நொடி. கணக்குப் போட்டால் 29 கி.மீ. சொச்சம்.

சண்டை அங்கேதான் ஆரம்பித்தது. எல்லாரும் குதிக்கிறார்கள், அவள் மட்டும், "நான் கண் இமைச்சேனோ என்னவோ, உறுதியாச் சொல்ல முடியலை" என்கிறாள். இரண்டு நொடி யார் இமைப்பார் என்று ஒருவன். மறைப்பு அறிக்கைகளைத் தொகுப்பவர்களுக்கு இதை அனுப்பலாம், வேண்டாம் என்று ஒரு பாடவேளை முழுக்க விவாதம். பல்லடத்தையும் "மறையவில்லை" என்று எழுதிவிடலாமா என்று ஒரு பையன் கேட்டான். மேகத்தால் பார்க்காமல் போனதும், பார்த்து மறையாமல் இருந்ததும் ஒன்றா என்று அவிநாசிப் பையன் எகிறினான். கடைசியில் கரும்பலகையில் மூன்று பத்தி போட்டோம்: மறைந்தது, மறையவில்லை, பார்க்க முடியவில்லை. என் பெயர் மூன்றாவது பத்தியில். கோபி முதல் பத்தியில், பக்கத்தில் "பார்த்தவருக்கு ஐயம் உண்டு" என்ற குறிப்போடு. அப்படியே அனுப்பிவிட்டோம்.

#16 நிழல்துரத்தி

குறிப்போடு அனுப்பியது மிகச் சரி. அறிக்கைப் படிவத்திலும் எவ்வளவு உறுதி என்று கேட்பார்கள். அந்தப் பெண்ணிடம் ஒன்று கேளுங்கள்: போனது பட்டென்று போனதா, மெல்ல மங்கியதா? கண் கூசி நழுவினால் மெல்லத்தான் போகும். அடுத்த முறை நம்பியூரில் ஓர் ஆளைப் போடுங்கள். அவிநாசிக்கும் கோபிக்கும் நடுவில் பெரிய ஓட்டை இருக்கிறது.

#17 கணக்கு டீச்சர்

கேட்டேன். "சுவிட்ச் போட்ட மாதிரி" என்றாள். நம்பியூரில்தான் யாருக்கும் சொந்தம் இல்லை.

#18 மொட்டைமாடி

என் மச்சினன் வீடு நம்பியூரில். மாடி உண்டு, தெருவிளக்குதான் நேராக அடிக்கும், சாக்கு கட்டிக்கொள்ளலாம். நாள் சொல்லுங்கள், என் 8 அங்குலத்தோடு வருகிறேன். மச்சினன் குடும்பத்துக்கு முதலில் சனியைக் காட்டிவிட்டுத்தான் உங்கள் புள்ளிக்கு வருவேன், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.